விண்ணிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு?

இயற்பியல் வகுப்பில் செயற்கைக்கோள்களைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தாழ்ந்த பாதையில் சுற்றும் கோள், காற்றின் உராய்வால் ஆற்றலை இழந்து மெல்ல மெல்லக் கீழிறங்கும் என்றார் பேராசிரியர். "அது ஒருவர் வீட்டின்மேல் விழுந்தால் நட்டஈடு கொடுப்பவர் யார், ஐயா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது, பேராசிரியர் சிரிக்கவில்லை. "அதற்கும் சட்டம் உண்டு. தேடிப் படித்து மலருக்கு எழுது" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

விண்வெளிச் சட்டத்தின் அடித்தளம் 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை. நிலவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனக்குரியதெனக் கொள்ள முடியாது என்கிறது அது. தனியார் நிறுவனம் விண்ணில் எது செய்தாலும், உலகின்முன் பொறுப்பேற்க வேண்டியது அந்நிறுவனத்தின் நாட்டு அரசே. அனுமதி தருவதும், தொடர்ந்து கண்காணிப்பதும் அரசின் கடமை.

நட்டஈட்டை விரிவாகப் பேசுவது 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கை. தரையிலோ, பறக்கும் விமானத்திலோ சேதம் ஏற்பட்டால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஏவிய நாடு ஈடு செய்தே ஆகவேண்டும். விண்வெளியிலேயே மோதல் நடந்தால் மட்டும் தவறை நிரூபிக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய்தானா? 1978 ஜனவரி 24-இல், அணு உலையுடன் பறந்த சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 சிதைந்து கனடாவின் வடபகுதியில் விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி அகற்றிய செலவுக்காகக் கனடா சுமார் 60 இலட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981-இல் 30 இலட்சத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. கேட்டதில் பாதிதான், ஆயினும் வல்லரசே பணம் கொடுத்தது.

விண்வெளியிலோ கதை வேறு. 2009 பிப்ரவரி 10-இல் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் இரிடியம் 33-உம், செயலிழந்த ரஷ்யக் கோளான காஸ்மாஸ் 2251-உம் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. இந்த உடன்படிக்கையின் கீழ் எவரும் ஈடு கோரவில்லை. தவறு யாருடையது என்று எப்படி நிரூபிப்பது?

நான் படித்தவற்றுள் என்னைத் திடுக்கிடச் செய்த விதி இன்னொன்று. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு 1972 உடன்படிக்கை பொருந்தாது! அவர்கள் தம் நாட்டுச் சட்டத்தையே நாடவேண்டும்.

2022 நவம்பர் 18-இல் ஸ்கைரூட் என்னும் தனியார் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து உயர்ந்தது. நாம் பெருமைப்பட்டோம், தகும். ஆனால் நண்பர்களே, நம் நாட்டு ராக்கெட்டின் துண்டு அயல்நாட்டான் கூரையில் விழுந்தால் அவனுக்காகப் பேச உலக உடன்படிக்கை இருக்கிறது. நம் மீனவர் படகில் விழுந்தால் அவருக்காகப் பேச வேண்டியது நம் நாட்டுச் சட்டம் மட்டுமே. ராக்கெட்டுகள் பெருகும் இக்காலத்தில் அச்சட்டம் தெளிவாகவும், ஏழைக்கு எட்டுவதாகவும் இருக்கவேண்டும். அன்று வகுப்பில் நான் கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதன்று என்பதை இப்போது நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.