கடல் மீனா, வளர்ப்பு மீனா? பசங்களுக்குச் சொல்லித்தர 3 கேள்விகள்!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போறீங்களா? வீட்டுல டீன் ஏஜ் பசங்க இருந்தா கூட்டிட்டுப் போங்க. கடல் மீன்னா நல்லது, வளர்ப்பு மீன்னா கெட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இந்த 3 கேள்விகளைக் கேட்கப் பழக்குங்க.

1. எதைத் தின்று வளர்ந்தது?

கட்லா, ரோகு போன்ற குளத்து மீன்களுக்குத் தவிடும் பிண்ணாக்குமே தீவனம். கொடுவா அப்படியில்லை, அது மற்ற மீன்களைத் தின்னும் ரகம். அதைப் பண்ணையில் வளர்க்கும் தீவனத்தில் கடலில் பிடித்த சின்ன மீன்களின் தூளும் சேரும். அதாவது, வளர்ப்பு மீனுக்கும் கடலில்தான் வலை வீச வேண்டியிருக்கிறது.

2. எங்கே வளர்ந்தது?

இறால் பண்ணையின் உப்புநீர் பக்கத்து வயலையும் கிணற்றையும் கெடுக்கக்கூடும். காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2005-ல் தனிச் சட்டமே வந்தது. இப்போது கடலோரப் பண்ணைகள் பதிவு செய்வது கட்டாயம்.

3. எப்போது, எந்த அளவில் பிடித்தது?

மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் கட்லா, ரோகு வாங்கலாம். நாட்டுப்படகு மீனும் கிடைக்கும். ஆனா, கையளவு வஞ்சரக் குட்டி எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம். அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீன். இன்றைக்கு அதை விட்டால்தான், பசங்க பெரியவங்களாகும்போதும் மார்க்கெட்டில் வஞ்சரம் இருக்கும்.