கார் 'கடகட'ங்குதா? எப்போன்னு கேளுங்க

ஹைபிரிட் கார் குலுங்கினாலே எல்லார் வாயிலும் முதலில் வருவது "பேட்டரி போச்சு". அதுதான் காரிலேயே பெரிய செலவு வைக்கிற பாகங்களில் ஒன்று. அதனால காசை எடுக்கும் முன்னாடி, கோடில் பிழை தேடுற மாதிரியே தேடுங்க: எப்போ வருது, எப்போ வரலை?

அப்பாவோட 10 வருஷப் பழைய ஹைபிரிட், காலையில் இன்ஜின் முதல்முறை ஓடும்போது மட்டும் கடகடன்னு உதறும். சில வினாடியில் அடங்கிடும். அப்புறம் நாள் முழுக்க ஒழுங்கா ஓடும். பேட்டரியை மாத்தணும்னு ஒரு கராஜில் சொன்னாங்க. ஆனா பேட்டரி தேய்ந்திருந்தா மேட்டில் ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் அல்லவா தெரியணும்? ராத்திரி முழுக்க நின்ற பிறகு மட்டும் வருதுன்னா, நிற்கிற நேரத்தில் உள்ளே ஏதோ நடக்குது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் இது கட்டாயம். சின்ன புளூடூத் ரீடரை அதில் செருகினேன். பேட்டரியைக் குறிக்கும் பி0ஏ80 வரவில்லை, வந்தது பி0301. அதாவது முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியா எரியலை. கோட் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டோம். கோட் இடம் மாறலை, ஆக காயில் குற்றவாளி இல்லை.

அடுத்து கூலன்ட். இன்ஜின் ஆறியிருக்கும்போது டப்பாவில் மட்டத்தைக் குறித்து வைத்தோம். இரண்டு வாரத்தில் இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு கூட இல்லை. வேறொரு கராஜில் கூலன்ட் சிஸ்டத்துக்கு ராத்திரி முழுக்க அழுத்தம் கொடுத்து, காலையில் ஸ்பார்க் பிளக் துளை வழியா கேமரா விட்டுப் பார்த்தாங்க. பிஸ்டன் மேல ஈரம். ஹெட் கேஸ்கெட் கசிவு.

இதை விட்டுவச்சா ஆபத்து. திரவத்தை அமுக்க முடியாது. சிலிண்டரில் அது நிறைந்தால் கனெக்டிங் ராடே வளையலாம். அப்புறம் இன்ஜினே போச்சு. பேட்டரியை மாத்தியிருந்தா காசும் போய், கசிவும் அப்படியே இருந்திருக்கும்.

எல்லாச் சத்தமும் நோய் இல்லை. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புது ஹைபிரிட்கள் மோட்டாரில் மெதுவாப் போகும்போது, பாதசாரிகளுக்காக வேண்டுமென்றே சத்தம் போடும். பல கார்களில் பின் சீட் பக்கம் 'உஷ்'னு கேட்பது பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி. அது ரொம்ப இரைந்தால் காற்றுத் துளையில் தூசி அடைச்சிருக்கான்னு பாருங்க. ஆரஞ்சு நிறக் கேபிளை மட்டும் தொடவே தொடாதீங்க. அது உயர் மின்னழுத்தம்.

அடுத்த தடவை வீட்டில் யாராவது "கார் கடகடங்குது", "கிர்ர்னு இழுக்குது"ன்னு சொன்னா சிரிக்காதீங்க. அதுதான் உங்க லாக் ஃபைல். நேரம், வேகம், இன்ஜின் சூடா குளிரா, இந்த மூணையும் பக்கத்தில் எழுதிக்கிட்டு கராஜுக்குப் போங்க.