வாசலில் விறகு, உள்ளே பட்டினி

நீரிழிவை மலாய்க்காரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்கிறார்கள்; நாம் ‘இனிப்புநீர்’ என்கிறோம். இரண்டு மொழியும் சாக்கடையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்த காலத்துப் பெயர் அது. நோய் தொடங்கும் இடமோ அடுப்படி. ஆகவே சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களின் பழைய லயத்து வீடு ஒன்றுக்குள் போவோம்.

வாசலில் பால்மர விறகு வந்து இறங்கியிருக்கிறது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் நிற்பது இப்படித்தான். உள்ளே அடுப்பு, அதாவது தசை. நடுவில் பூட்டிய கதவு. அதன் சாவி இன்சுலின்; சாவி செய்து தருவது கணையம். போதாததற்கு வீட்டுக்குள் ஒரு பரணும் உண்டு, கல்லீரல். இரவில் அடுப்பு அணையாதிருக்க அது கொஞ்சம் கொஞ்சமாக விறகை இறக்கிப் போடும். “ராத்திரி ஒன்றும் சாப்பிடலையே, காலையில் எப்படி ஏறியது?” என்று கேட்பவர்களுக்கு விடை பரணில் இருக்கிறது.

முதல் வகையில் சாவி செய்பவரே போய்விடுகிறார். நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. பூட்டு துருவேறுகிறது, ஒரு சாவி திறந்த இடத்தில் நாலு சாவி தேவைப்படுகிறது. கணையமும் ஆண்டுக்கணக்காகச் சாவி அடித்து அடித்துக் களைத்துப்போகிறது. அதுவரை வெளியில் ஒன்றும் தெரியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம்.

சிறுநீரகம் சர்க்கரையை வெளியே கழுவித் தள்ளத் தொடங்குவது இரத்தத்தில் அளவு லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டிய பிறகே. வெறும் வயிற்றில் 7.0 வந்தாலே நோய் என்கிறது மருத்துவம். எறும்புக்குக் காத்திருந்தவர் எவ்வளவு பிந்திவிட்டார் என்று பாருங்கள். (தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் தொலைபேசியில் “எனக்கு 126” என்றால் திகைக்க வேண்டாம். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண்.)

விரல்நுனியில் குத்திப் பார்ப்பது இந்த நிமிடத்துத் தீயை மட்டும் காட்டும். சட்டியின் அடியில் படிந்த கரியைக் காட்டுவது எச்பிஏ1சி. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை அந்த அணு சாகும்வரை, ஏறத்தாழ 120 நாள், ஒட்டியே இருக்கும். அதனால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரியும். கிளினிக் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பாகற்காயும் பட்டினியுமாக இருக்கும் நம் சாமர்த்தியமெல்லாம் கரியிடம் செல்லாது. உலக அளவில் 6.5 விழுக்காடு கோடு என்றால் மலேசிய வழிகாட்டி 6.3லேயே கோடு போட்டிருக்கிறது. அறிகுறி இல்லாதவருக்கு ஒருமுறை பார்த்து முடிவு கட்டமாட்டார்கள், மறுபடி பார்ப்பார்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரை முக்கியமாகப் பரணிலிருந்து விறகு இறங்குவதைக் குறைக்கிறது. நடை வேறு விதம். வேலை செய்யும் தசை சாவியில்லாமலே பின்கதவைத் திறந்துகொள்ளும். சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடக்கச் சொல்வது வெறும் உபதேசமல்ல.

இனி ஆபத்துகள். வெறும் வயிற்றில் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு விடியலில் மரம் வெட்டப் போனவருக்கு வேர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. வாசலில் விறகே இல்லை. மூளைக்கோ சேமிப்பு மிகக் குறைவு. “குடித்திருக்கிறான்” என்று ஒதுங்கிவிடாதீர்கள். அளவு 4க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். அன்றைக்குத் தே ஓ கொசோங் உதவாது. சர்க்கரை போட்ட தேதான் மருந்து. சாக்லேட்டின் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999 அழையுங்கள்.

இதற்கு நேரெதிர் ஒன்று. சாவி அடியோடு இல்லை. வாசலில் விறகு மலைபோல் கிடக்க, உள்ளே பட்டினி. வீட்டார் கதவு நிலையையும் உத்தரத்தையும் பிய்த்து எரிக்கிறார்கள். அதாவது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அந்தப் புகைதான் கீட்டோன், இரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக இழுக்கும் மூச்சு, அதில் பழ வாடை. “கேஸ்திரிக்” என்று மாத்திரை வாங்கிக்கொடுத்து நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். இதற்கு மருத்துவமனையில் உப்புநீர் டிரிப், இன்சுலின், பொட்டாசியக் கண்காணிப்பு மூன்றும் வேண்டும்.

முதியவர்களுக்கு வருவது வேறு. சாவி சிறிதளவு இருப்பதால் நிலை எரிவதில்லை. ஆனால் தண்ணீரெல்லாம் வெளியேறி, இரத்தம் அடுப்பில் மறந்துபோன பாகுபோல் இறுகுகிறது. அளவு 30ஐத் தாண்டும். சத்தமில்லாமல் நாள்கணக்கில் மயங்கிக் கிடப்பார். “வயசாச்சு, தூங்குகிறார்” என்போம்.

இன்சுலின் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சலும் வாந்தியுமாக, “சாப்பிடவே இல்லை, ஊசி எதற்கு?” என்று தோன்றும். நோய் வந்த நாளில் பரண் இன்னும் அதிகமாக விறகை இறக்கும். சில மாத்திரைகளை அன்று நிறுத்தவேண்டியிருக்கலாம். நீண்டநேர இன்சுலினை நீங்களாக நிறுத்தக்கூடாது. எதை நிறுத்துவது, ஊசி அளவை எப்படி மாற்றுவது என்று அடுத்த முறை கிளினிக்கில் கேட்டு, மருந்துப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.