கல்லூரி அழைக்கிறது, அப்பாவும் போகலாம்!

எம்.பி.ஏ. படிப்பில் இடம் கிடைத்தவர்களுக்கு இரண்டு நாள் வரவேற்பு: என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம்?

"எம்.பி.ஏ. படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது" என்ற நல்ல செய்தி வந்த வீட்டுக்கு, சில நாட்களில் இன்னோர் அழைப்பும் வரும். "வரும் சனி, ஞாயிறு எங்கள் கல்லூரிக்கு வாருங்கள். புதிய மாணவர்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்" என்று அதில் எழுதியிருக்கும். பெற்றோரும் வரலாம் என்று பல கல்லூரிகள் சேர்த்தே எழுதுகின்றன.

நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பையனுக்கு நல்ல சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, வழக்கம்போல் ஷிப்டுக்குப் போய்விடுகிறோம். படித்தவர்கள் கூடுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்ற எண்ணம்தான் காரணம். ஆனால், அந்த இரண்டு நாளில்தான் குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு வரவு செலவு முடிவாகிறது. தெரிந்துகொண்டால் போகாமல் இருக்கமாட்டோம்.

வீடு பார்க்கும் சடங்கு

நம் ஊர்ப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்ப்பார்கள். பிறகு பெண் வீட்டார் புறப்பட்டுப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள். கடன் உண்டா, தண்ணீர் வசதி எப்படி, மாமியார் குணம் என்ன என்று அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள். சம்மதம் ஆகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள்.

கல்லூரி வரவேற்பும் அதைப் போன்றதுதான். நேர்முகத் தேர்வில் கல்லூரி மாணவனைப் பார்த்தது. இப்போது மாணவன் கல்லூரியைப் பார்க்கும் முறை!

அமெரிக்காவில் இது நன்கு ஊன்றிய வழக்கம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881ல் தொடங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908ல் வந்தது. கெட்டிக்கார மாணவன் ஒருவனுக்கு இப்படிப்பட்ட இரண்டு மூன்று பள்ளிகளில் இடம் கிடைத்துவிடும். அவனை இழுக்க ஒவ்வொரு பள்ளியும் ஒரு வார இறுதியில் அழைத்து, வகுப்பைக் காட்டி, விருந்தும் வைக்கும்.

நம் நாட்டில் ஆமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம்.கள் 1961ல் தோன்றின. பன்னர்கட்டா சாலையில் பஸ்ஸில் போகும்போது நாம் பார்க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம். 1973ல் தொடங்கியது. திருச்சிக்கு 2011ல் ஒன்று கிடைத்தது. இவை தவிர எத்தனையோ தனியார் கல்லூரிகள் உள்ளன. சில கல்லூரிகள் பணம் கட்டும் கெடுவுக்கு முன்பே அழைக்கின்றன. சில, வகுப்பு தொடங்கும் வாரத்தில் 'ஓரியண்டேஷன்' என்ற பெயரில் அழைக்கின்றன. முதல் வகை அழைப்பு வந்தால் விடவே கூடாது. அங்கே நாம் இன்னும் கை நனைக்கவில்லை!

"நான் வந்து என்ன பேசப்போறேன்?"

பீனியாவில் லேத் ஓட்டும் நண்பர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தர்மபுரிப் பக்கத்துக்காரர். பெங்களூர் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகனுக்கு இரண்டு தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. பெரிய பெயருள்ள கல்லூரியிலிருந்து வரவேற்பு அழைப்பு வந்தது.

"பையன் போய்ட்டு வரட்டும் சார். நான் வந்து அங்கே என்ன பேசப்போறேன்? எல்லாம் இங்கிலீஷ்காரங்க. நான் வந்தா அவனுக்குத்தான் கூச்சமா இருக்கும்" என்றார் நண்பர்.

"கையெழுத்து யார் போடப்போறது? நீங்கதானே! அப்ப நீங்களும் வாங்க" என்று வற்புறுத்தி அழைத்தேன். மூவருமாகப் போனோம்.

வாசலிலேயே மேஜை போட்டுப் பெயர் அட்டை கொடுத்தார்கள். காபி, சமோசா. பிறகு பெரிய அரங்கில் இயக்குநரின் பேச்சு. அதன்பின் வேலைவாய்ப்பு அதிகாரி திரையில் படம் காட்டினார். "எங்கள் மாணவர்களின் சராசரிச் சம்பளம் இவ்வளவு லட்சம்" என்றதும் அரங்கமே கைதட்டியது. நண்பர் மட்டும் தட்டவில்லை. மெல்ல எழுந்து, கன்னடத்திலேயே கேட்டார்:

"சார், எங்க பட்டறையில பத்துப் பேர் ஷிப்டுல ஒருத்தன் மட்டும் நூறு பீஸ் எடுத்தா, சராசரி நல்லாத்தான் தெரியும். மத்த ஒன்பது பேர் எவ்வளவு எடுத்தாங்க? அதைச் சொல்லுங்க."

அதிகாரி சிரித்தார், ஆனால் மழுப்பவில்லை. வரிசையில் நடுவில் நிற்கும் மாணவனின் சம்பளத்தைச் சொன்னார். அது சராசரியைவிடப் பல லட்சம் குறைவு!

சராசரி என்ற மாயம்

இதை எல்லாப் பெற்றோரும் புரிந்துகொள்வது நல்லது. பத்து மாணவர்களில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 10 லட்சம். ஒருவனுக்கு மட்டும் 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 190 லட்சம். பத்தால் வகுத்தால் சராசரி 19 லட்சம். ஆனால் 19 லட்சம் வாங்குகிறவன் அந்த வகுப்பில் ஒருவன்கூட இல்லை!

ஆகவே கேட்க வேண்டியது 'மீடியன்' சம்பளம். அதாவது, எல்லாரையும் சம்பளப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவன் வாங்குவது. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கவில்லை என்பதையும் கேளுங்கள். வேலைவாய்ப்புக் கணக்கை எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி வெளியிடவேண்டும் என்பதற்காக ஆமதாபாத் ஐ.ஐ.எம். முன்னின்று 'ஐ.பி.ஆர்.எஸ்.' என்ற முறையைக் கொண்டுவந்தது. அந்த முறைப்படி தணிக்கை செய்த அறிக்கை உண்டா என்று விசாரிப்பதில் தவறில்லை.

இன்னொன்று, 'சி.டி.சி.' என்பது கைக்கு வரும் சம்பளம் ஆகாது. கம்பெனி கட்டும் பி.எப்., கிராஜுவிட்டி, வரலாம் வராமலும் போகலாம் என்கிற போனஸ் எல்லாம் அதில் அடக்கம். ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கடன் எவ்வளவு? தவணை எவ்வளவு?

பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20 லட்சம் ரூபாய் கடனை 10 சதவீத வட்டியில், பத்தாண்டுகளில் அடைப்பதாக இருந்தால், மாதத் தவணை ஏறத்தாழ 26,400 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ஆண்டுக்கு 10 லட்சம் என்பது பிடித்தங்களுக்கு முன் மாதம் 83 ஆயிரம் சொச்சம். அதில் தவணையும் வீட்டு வாடகையும் போனால் மிச்சம் என்ன? இந்தக் கணக்கைப் பணம் கட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

வரவேற்பு நாளில் வங்கிக்காரர்களும் கல்லூரிக்கே வந்து மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று வங்கிகளின் வட்டியை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அரசு பட்டியலிட்ட தரமான கல்வி நிலையங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு, சொத்து ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருவது இதன் நோக்கம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் இடம் உண்டு. உங்கள் பிள்ளையின் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா? வரவேற்பு மேஜையிலேயே கேட்டுவிடலாம். வருமானத்தைப் பார்த்துக் கல்லூரியே தரும் உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள்.

என் நண்பரும் மகனும் ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டார்கள். இரண்டாவது கல்லூரியில் கட்டணம் 8 லட்சம் குறைவு. நடுவில் நிற்பவனின் சம்பளமோ இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பையன் இரண்டாவது கல்லூரியில் சேர்ந்தான்.

சான்றிதழ் விஷயத்தில் கவனம்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அதுதான் சாதிச் சான்றிதழ். தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்கள் பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால், சொந்த மாநிலத்துச் சலுகையும் மத்திய அரசுச் சலுகையும்தான் அவர்களுக்குக் கிடைக்கும். குடியேறிய மாநிலத்தின் சலுகை கிடைக்காது. ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிலையங்களில் இட ஒதுக்கீடு உண்டு. தந்தைக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றிதழைக் காட்டி, இங்கே வளர்ந்த பிள்ளைக்கும் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பிற்பட்ட வகுப்பினர் மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயர்' இல்லை என்ற சான்றிதழைப் புதிதாக வாங்கவேண்டும். கல்லூரி மேஜையில் அசலைக் கேட்கும்போது ஊருக்கு ஓடிப் பயனில்லை. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

சேர்ந்தபின் மனம் மாறினால்? தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில், வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது. அசல் சான்றிதழ்களையும் நிறுத்தி வைக்கக்கூடாது. ஐ.ஐ.எம்.களுக்கு 2017ல் இயற்றிய தனிச் சட்டம் உண்டு. பணம் திரும்பும் விதியை அங்கே தனியாகக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வாய் திறந்தால் மார்க்

பணக் கவலைக்கு அடுத்தபடி பிள்ளைகளின் பெரிய கவலை இங்கிலீஷ். இந்தப் படிப்பில் பேசாமல் தப்பிக்க முடியாது. ஹார்வர்டில் வளர்ந்த 'கேஸ்' முறையைத்தான் இங்கும் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன. ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று ஆசிரியர் கேட்பார். வகுப்பில் பேசுவதற்கே மார்க் உண்டு.

அன்று மாலை எங்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டியவர் சேலத்துப் பெண். இரண்டாம் ஆண்டு மாணவி. "பேசத் தெரியாதேக்கா" என்று பையன் தயங்கியதும் அவர் சொன்னார்:

"நானும் முதல் மாசம் வாயே திறக்கல தம்பி. மார்க்தான் போச்சு. ஒரு நாள் எங்கப்பா மளிகைக் கடைக் கணக்கை எடுத்துச் சொன்னேன். மண்டிக்காரருக்கு ஒரு மாசம் கழிச்சுப் பணம் கொடுக்கிறது, வாடிக்கைக்காரங்களுக்குப் பற்று எழுதுறது, நடுவுல கல்லாவுல காசு இல்லாமத் தவிக்கிறது. சார் அதைத்தான் 'ஒர்க்கிங் கேப்பிட்டல்'னு போர்டுல எழுதினார். உங்கப்பா பட்டறையில பார்த்ததைச் சொல்லு. அது இங்கே யாருக்கும் தெரியாது."

கூட வந்த தந்தையின் முகத்தை அப்போது பார்க்கவேண்டுமே!

சென்னை மடிப்பாக்கத்தில் இட்லி விற்ற தாயின் மகன் சரத்பாபு, பிலானியில் படித்து, ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் 2006ல் தேறினார். வளாகத்தில் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 'புட்கிங்' என்ற உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். இட்லிக் கடைப் பாடம் வீண் போகவில்லை.

ஆட்டமும் பாட்டும்

இரவில் பாட்டு, ஆட்டம், விளையாட்டு எல்லாம் இருக்கும். கோட்டு இல்லையே என்று பிள்ளைகள் சுருங்கிப்போகக் கூடாது. தேய்த்த சட்டை போதும். புதுமுகங்களோடு பழகவே இந்த ஏற்பாடு. ஆனால் விளையாட்டு என்ற பெயரில் அவமானப்படுத்தினால் அது ராகிங். பல்கலைக்கழக மானியக் குழு 2009ல் விதித்த விதிகளின்படி அது குற்றம். மாணவரும் பெற்றோரும் இதற்கென உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். புகார் சொல்லக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-180-5522.

கேட்டுவர வேண்டிய ஐந்து

1. மீடியன் சம்பளம் எவ்வளவு? வேலை கிடைக்காதவர்கள் எத்தனை பேர்?

2. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன?

3. எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்?

4. கல்விக் கடன், உதவித்தொகை யாருக்கு, எப்போது?

5. கணக்கிலோ இங்கிலீஷிலோ பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா?

இந்த ஐந்தையும் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கன்னடத்திலோ இந்தியிலோ தெரிந்த இங்கிலீஷிலோ கேட்கலாம். கேட்கிற மொழியைப் பார்த்து எந்தக் கல்லூரியும் சீட்டைப் பறிக்காது. அழைப்பு வந்தால் சனிக்கிழமைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுங்கள். கல்விக் கடன் பத்திரத்தில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், பெரும்பாலும் உங்கள் கையெழுத்தையும்தான் வங்கி கேட்கப்போகிறது.