சேவ் ஆகிவிட்டதா?

திருச்சி அம்பிகாபுரம் துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று பேப்பரில் செய்தி வந்தால், அரியமங்கலம், காமராஜ் நகர் பக்கம் காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார்கள். சொல்லிவிட்டுப் போகிற கரண்டால் கம்ப்யூட்டருக்கும் கெடுதல் இல்லை. சொல்லாமல் போவதுதான் வம்பு. எஸ்.ஐ.டி. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை நோட்பேடில் புரோகிராம் அடித்து சேவ் செய்கிறான். மறுநொடி ஃபேன் நிற்கிறது. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைல் இருக்கிறது. பெயர் சரி, அளவுகூடச் சரி. திறந்தால் ஒரு எழுத்து இல்லை, அத்தனையும் பூஜ்யம்.

சேவ் கொடுத்த ஃபைல் எங்கே போயிற்று? டிஸ்க்குக்கு அது போகவே இல்லை.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகும். எழுதும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு உரிய இடம் சுழன்று அதன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 12 மில்லிவிநாடி என்று வையுங்கள். ரேம் அதே வேலையைச் சுமார் 100 நானோவிநாடியில் முடித்துவிடும். லட்சம் மடங்குக்கு மேல் வேகம். ரேமுக்கு ஒரு விநாடி என்றால் டிஸ்க்குக்கு ஒரு நாளைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சேவுக்கும் இப்படிக் காத்திருந்தால் யார் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள்?

அதனால் விண்டோஸ், மளிகைக் கடைக்காரர் கடன் பற்றைத் துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, கூட்டம் குறைந்ததும் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவதைப் போலச் செய்கிறது. எழுத வேண்டியதை ரேமில் வாங்கிக்கொண்டு ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். பிறகு விநாடிக்கு ஒரு தடவை, தேங்கியதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்து டிஸ்க்குக்கு அனுப்பும். டிஸ்க்கும் சளைத்ததல்ல, தனக்கென்று இருக்கும் 64 அல்லது 256 எம்பி கேஷில் போட்டுக்கொண்டு அதுவும் ‘ஆயிற்று’ என்கிறது. இரண்டு பேர் சொல்வதும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால்தான் வேலை ஓடுகிறது.

டிஸ்க் சொல்லும் பொய்க்கு மட்டும் கடிவாளம் நம் கையில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸுக்குப் போனால் பாலிசீஸ் என்ற பக்கத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது, டிஸ்க்கின் கேஷைப் பயன்படுத்தலாமா என்று கேட்பது. அந்த டிக் இருக்கட்டும், எடுத்தால் எழுதும் வேகம் படுத்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்தானது. முக்கியமான நேரங்களில் விண்டோஸ், ‘கையில் இருப்பதை எல்லாம் இப்போதே எழுதிவிட்டுப் பதில் சொல்’ என்று டிஸ்க்கை விரட்டும். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், எந்த ஃபைல் எங்கே, எவ்வளவு என்ற விவரத்தில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிய பிறகே கைவைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் அதை வைத்து நிமிர்ந்துகொள்ளும். (உள்ளே இருக்கும் எழுத்துகளுக்கு அந்தக் காப்பு இல்லை. பூஜ்யங்களின் கதை இதுதான்.) குறிப்பு முந்தி, மாற்றம் பிந்தி என்ற வரிசை குலையாமல் இருப்பது அந்த விரட்டலால்தான். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டால் விரட்டல் நின்றுவிடும். ஒரு ஃபைலோடு போகாமல் மொத்த டிரைவுமே குழம்பலாம். வேகம் கூடும் என்று இதைச் சிபாரிசு செய்பவர்கள் வீட்டில் கரண்டே போவதில்லை போலிருக்கிறது.

கரண்ட் போன நொடியில் ஹார்டு டிஸ்க் செய்வது வித்தை. எழுதும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தட்டு நின்றால் இறங்கி உரசிவிடும். ஆகவே இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்தாலேயே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த மின்சாரத்தில் முனையை ஓரங்கட்டிவிடும். கேஷில் மிச்சமிருப்பதை எழுத, வழக்கமான வீட்டு டிஸ்க்கில் அது போதாது. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. சர்வருக்கான ரகங்களில் இதற்கென்றே கெப்பாசிட்டர் வைப்பார்கள், வீட்டு ரகங்களில் பெரும்பாலும் கிடையாது.

பென் டிரைவ் வேறு கணக்கு. அதைக் கேட்காமலே பிடுங்குகிறோம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே இருந்து செருகும் டிரைவுகளுக்கு ‘குவிக் ரிமூவல்’தான் இயல்பான அமைப்பு: உடனுக்குடன் எழுதிவிடும், வேகம் கொஞ்சம் குறையும். மேஜைக் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் ஃபேனும் லைட்டும் ஒருமுறை சிமிட்டிவிட்டு ஓடும். அந்தச் சிமிட்டலிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.