பைக்கை விற்றுவிட்டீர்கள், பெயர் மாறிவிட்டதா?

சவூதிக்கோ துபைக்கோ விசா வந்துவிட்டது. கிளம்ப நான்கு நாட்கள் இருக்கும்போது, வீட்டில் நிற்கும் பைக்கை விற்றுவிடலாம் என்று முடிவாகிறது. புரோக்கர் ஒருவர் பணத்தைக் கொடுத்து, நிரப்பாத படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புக்கையும் சாவியையும் எடுத்துச் செல்கிறார். "பெயர் மாற்றத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். எட்டு மாதம் கழித்து, ஹெல்மெட் அணியாததற்கான அபராதம் விற்றவரின் பெயருக்கு வருகிறது. அபராதம் என்றால் கட்டிவிடலாம். அந்த வண்டி ஒருவரை இடித்திருந்தால்?

சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் யார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். 2007-ல் விற்கப்பட்டு, பதிவு மாறாமலேயே பல கைகளுக்குப் போன ஒரு கார், 2009-ல் விபத்துக்குள்ளானது. அந்த வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்ற வாதம் எடுபடவில்லை. வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அந்தத் தொகை விற்றவரின் கையிலிருந்தே போகும்.

விற்பவர் செய்ய வேண்டியவை

1. டெலிவரி நோட் எழுதுங்கள். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், விலை, ஒப்படைத்த தேதி, நேரம் எல்லாம் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். வாங்குபவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வையுங்கள். இது நல்ல ஆதாரம். ஆனால் பெயர் மாற்றத்துக்கு மாற்று அல்ல.

2. படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் இவற்றில் கையெழுத்திடாதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாட்கள் அவகாசம்.

3. வண்டி மீது கடன் இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றுடன் படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்குங்கள்.

4. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது, பதிவில் உள்ள செல்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். வெளிநாடு போனபின் அந்த எண் அணைந்துவிட்டால் சிக்கல். எனவே பயணத்துக்கு முன்பே விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

பணம் கொடுக்கும் முன், நிலுவை அபராதமும் கடனும் உள்ளதா என்று பரிவாகனில் பாருங்கள். எஞ்சின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

அத்தாவின் பெயரில் உள்ள வண்டி

உரிமையாளர் மரணித்துவிட்டால், வண்டியை வைத்துக்கொள்ளும் வாரிசு 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்ற வேண்டும். வண்டியும் வாரிசுச் சொத்தில் சேர்ந்தது என்பதால், மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுவது நல்லது.

கடலோர ஊர்களில் மீன்பிடிப் படகு கைமாறும்போதும் இதே கவனம் தேவை. அதற்குப் பதிவு மீன்வளத் துறையில்.

தெரிந்தவரிடம் எழுதிக் கேட்பதா?

நம்மில் பலரைத் தடுப்பது இந்தக் கூச்சம்தான். "மச்சானிடம் போய்ப் பேப்பர் கேட்டால் என்ன நினைப்பார்?" ஆனால் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், வியாபாரத்துக்குச் சாட்சி வைக்கவும் வழிகாட்டும் அல்பகரா 282-ம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. எழுதிக்கொள்வது சந்தேகப்படுவதாகாது. நாளை ஒரு விபத்து நடந்தால், இரு குடும்பங்களுக்கும் இடையில் மனக்கசப்பு வராமல் காப்பது அந்தக் காகிதமே.

விற்றுப் பல மாதமாகியும் உறுதியாகத் தெரியாதவர்கள், இன்றே வண்டி எண்ணைப் பரிவாகனில் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயர் வந்தால், டெலிவரி நோட்டுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.