உஷார்! பிளேட்லெட் இறங்கினாலே டெங்கு என்று இருந்துவிடாதீர்கள்

மழை தொடங்கிவிட்டால் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை ஒரே விசாரிப்புத்தான்: "பிளேட்லெட் எவ்வளவு?" காய்ச்சல் என்றதும் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தப் பரிசோதனை எடுப்பதும், துண்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் தேடிப் பார்ப்பதும், பப்பாசி இலைக்கு ஓடுவதும் பழகிப் போய்விட்டது. நல்ல பழக்கம்தான், பப்பாசி இலையைத் தவிர. ஆனால் டெங்குப் பயத்தில் வேறொன்று கண்ணில் படாமல் போகிறது.

டெங்கில் இறங்கிய பிளேட்லெட், காய்ச்சல் விட்ட சில நாட்களில் தானாக ஏறத் தொடங்கும். மாதம் கடந்தும் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழேயே நிற்கிறதா? வெண்குழியமும் குறைவா? ஹீமோகுளோபினும் ஏற மறுக்கிறதா? உஷார்! இனியும் டெங்கின் மேல் பழி போட முடியாது. ஈரல் நோய், விட்டமின் குறைபாடு, ஏதாவது மருந்து, இரத்தப் புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி.யும் அதில் ஒன்று. வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்காததும் அது ஒன்றுதான்.

எச்.ஐ.வி. என்றால் நோய் எதிர்ப்புச் சக்தியை அழிப்பது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது என்பு மச்சைக்குள்ளும் கைவைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாள், பிளேட்லெட்டுக்குப் பத்து நாள் வரைதான். அதனால் மச்சை ஓயாமல் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வைரஸ், மச்சையின் மூலக்கலங்களைவிட அவற்றைத் தாங்கி வளர்க்கும் சுற்றுக் கலங்களையே அதிகம் கெடுக்கிறது. கற்பிட்டி மணலில் வெங்காயம் போடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பாத்தி கெட்டால் விதை நல்லதாக இருந்தும் பயனில்லை. பிளேட்லெட்டைத் தரும் பெருங்கலத்துக்குள் இந்த வைரஸ் நேரடியாகவே நுழைகிறது. போதாததற்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே தடுமாறி, உருவான பிளேட்லெட்டையும் அழிக்கிறது.

இதனால்தான் வேறெந்த அறிகுறியும் இல்லாத ஆளுக்கும் பிளேட்லெட் முதலில் இறங்கலாம். வைரஸையே கண்டுபிடிக்காத 1982 இல், நியூயோர்க் மருத்துவர்கள் இளம் ஆண்கள் சிலரிடம் இதைக் கண்டு எழுதி வைத்தார்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு வாய் கொப்பளிக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வரலாம், முழங்கைக்குக் கீழே நீலக் கண்டல் தெரியலாம். மீன்பிடி வாடியில் இருப்பவர் "கயிறு இழுத்தது" என்று சொல்லிவிட்டு மறுநாள் கடலுக்குப் போய்விடுவார்.

இரத்தசோகையும் அப்படித்தான். பாமசியில் இரும்புச் சத்து மாத்திரையும் டொனிக்கும் வாங்கி மாதக்கணக்கில் குடிப்பவர்கள் உண்டு. எச்.ஐ.வி.யால் வரும் சோகையில் பெரும்பாலும் உடலில் இரும்பு இருக்கும், மச்சைதான் அதை எடுத்து வேலை செய்யாது. நோய் முற்றினால் காசநோய்க் கிருமியே மச்சைக்குள் குடியேறலாம்.

எச்.ஐ.வி. மருந்தும் மச்சையைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987 இல் வந்த சிடோவுடின் அப்படிப்பட்டதுதான், இரத்தசோகை தரும். இன்று முதலில் கொடுக்கும் மருந்துகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. சொல்லப்போனால், ஒழுங்காக மருந்து எடுத்தால் பலருக்குப் பிளேட்லெட்டும் ஹீமோகுளோபினும் ஏறிவிடுகின்றன. பழைய கதையைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

மருந்து எடுக்க, தொற்று இருப்பது முதலில் தெரிய வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை செய்ததால் கிடைத்த பலன். பெருமைதான். ஆனால் அந்தக் கர்ப்பிணிக் கிளினிக்கில் கணவன் எங்கே? உடப்பிலும் கண்டக்குழியிலும் கடலுக்குப் போகிற ஆண்களை யாரும் கூப்பிட்டு ஊசி குத்துவதில்லை. அவர்களாகத்தான் போக வேண்டும்.

இன்னொன்று: "எச்.ஐ.வி. சோதித்தும் பார்த்ததாக இருக்கும்" என்று இரத்ததான முகாமுக்குப் போகாதீர்கள். தொற்றிய புதிதில் பரிசோதனையில் அகப்படாத காலம் ஒன்று உண்டு. அந்த இரத்தம் இன்னொருவர் உடலில் ஏறினால் என்ன ஆகும்? சந்தேகம் இருந்தால் ஒரு பரிசோதனையோடு விடாமல், கிளினிக்கில் சொல்லும் நாளில் மறுபடி போங்கள்.

பழைய எஃப்.பி.சி. துண்டுகளை வீசிவிடாதீர்கள். கடைசி இரண்டு மூன்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். எண் ஏறாமல் நின்றால் அவற்றை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய், "எச்.ஐ.வி.யும் பாருங்கள் டொக்டர்" என்று நீங்களே கேளுங்கள். சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விவரம் வெளியே போகாது.